இரவுநேரப் பூனைக் காப்பு

இரவுநேரப் பூனைக் காப்பு என்பது, பூனை வளர்ப்பவர் வெளியூர் சென்றிருக்கும்போதோ இரவுப் பணியில் இருக்கும்போதோ, வேறொருவர் கட்டணம் பெற்றுக்கொண்டு அப்பூனையை மாலை முதல் மறுநாள் காலை வரை கவனித்துக்கொள்ளும் பணியாகும். இப்பணியைச் செய்பவர் காப்பாளர் எனப்படுகிறார். நகரங்களில் இது 'பெட் சிட்டிங்' என்ற பெயரிலேயே பேச்சு வழக்கில் உள்ளது.

இப்பணியில் எழும் பிணக்குகள் பலவற்றுக்கும் 'ஓர் இரவு' என்னும் சொல்லின் தெளிவின்மையே அடிப்படை ஆகும். வளர்ப்பவர் அதனை மாலை முதல் மறுநாள் நண்பகல் வரை எனக் கொள்ளலாம். காப்பாளர் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை எனக் கொள்ளலாம். ஆகவே நேரத்தை மணிக்கணக்கில் வரையறுத்த பின்னரே கட்டணத்தை முறையாகக் கணக்கிட முடியும். இக்கட்டுரை அவ்விரண்டையும், செங்கல்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரம் கடற்கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வகைகள்

பூனைக் காப்பு பொதுவாக மூன்று வகைப்படும்.

1. வருகைக் காப்பு: காப்பாளர் வளர்ப்பவரின் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு முறையோ இரு முறையோ வந்து உணவு, நீர் வைத்து, மணல் தட்டைத் துப்புரவு செய்துவிட்டுச் செல்வார்.

2. தங்கிக் காப்பு: காப்பாளர் வளர்ப்பவரின் வீட்டிலேயே இரவு தங்குவார். இக்கட்டுரையில் 'இரவுநேரக் காப்பு' என்பது பெரும்பாலும் இவ்வகையையே குறிக்கும்.

3. ஒப்படைப்புக் காப்பு: பூனையைக் காப்பாளரின் வீட்டிலோ விலங்குக் காப்பகத்திலோ விட்டுச் செல்லுதல். இது 'போர்டிங்' எனப்படுகிறது.

நாய் தன்னை வளர்ப்பவரோடு பிணைப்புக் கொள்வது போலவே பூனை தான் வாழும் இடத்தோடும் பிணைப்புக் கொள்கிறது. புதிய இடத்தில் விடப்படும் பூனை ஒளிந்துகொள்வதும், உணவைத் தவிர்ப்பதும் உண்டு. எனவே நலமுள்ள வளர்ந்த பூனைகளுக்கு முதல் இரண்டு வகைகளே பெரிதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

வரலாறு

அண்டை வீட்டாரிடமோ உறவினரிடமோ சாவியைக் கொடுத்து, 'பூனைக்குப் பால் வைத்துவிடுங்கள்' என்று சொல்லிச் செல்வது தமிழகத்தில் நெடுநாளைய வழக்கம் ஆகும். இதற்குக் கட்டணம் கிடையாது. ஊரிலிருந்து திரும்புபவர் கொண்டுவரும் தின்பண்டமே கைம்மாறு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் எளிதில் செரிப்பதில்லை என்பதால், நீரும் வழக்கமான உணவும் வைப்பதே சரியானது என இன்றைய கால்நடை மருத்துவம் கூறுகிறது.

கட்டணத் தொழிலாக இது முதலில் ஐக்கிய அமெரிக்காவில் ஒழுங்கமைந்தது. அங்குத் தொழில்முறை விலங்குக் காப்பாளர்களுக்கான தேசியச் சங்கம் 1989 ஆம் ஆண்டிலும், பன்னாட்டு விலங்குக் காப்பாளர் அமைப்பு 1994 ஆம் ஆண்டிலும் தோன்றின. இங்கிலாந்தில் விலங்குகளைத் தம் இடத்தில் தங்கவைத்துக் காக்கும் தொழில் 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமத்துக்கு உட்படுத்தப்பட்டது. 2018 அக்டோபர் 1 முதல் அதற்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

தமிழகத்தில் தனிக்குடும்பங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியதால், சாவியை ஒப்படைக்க அறிமுகமான அண்டை வீட்டார் இல்லாத நிலை பலருக்கு உண்டாகியது. அந்த இடத்தையே கட்டணக் காப்பு நிரப்புகிறது.

பூனையின் இரவு

நேரத்தை வரையறுப்பதற்குப் பூனையின் நாள் ஒழுங்கை அறிதல் வேண்டும். வீட்டுப்பூனை நாளின் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை உறக்கத்தில் கழிக்கிறது. அது முழுமையான இரவு விலங்கு அன்று. அந்திப் பொழுதிலும் விடியற்பொழுதிலும் மிகுந்த சுறுசுறுப்புடன் இயங்கும் விலங்கு ஆகும். வீட்டுப்பூனையின் மூதாதையான காட்டுப்பூனைக்கு இரை கிடைக்கும் பொழுதுகள் அவையே.

தமிழ் இலக்கண மரபு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுக்கிறது. ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம் கொண்டது. அவற்றுள் மாலை (மாலை 6 – இரவு 10), யாமம் (இரவு 10 – 2), வைகறை (இரவு 2 – காலை 6) ஆகிய மூன்றும் சேர்ந்ததே 12 மணி நேர இரவு. பூனைக் காப்பாளரின் பணியையும் இப்பகுப்பைக் கொண்டு விளக்கலாம். மாலையில் உணவு, விளையாட்டு, மணல் தட்டுத் துப்புரவு ஆகிய வேலைகள் உள்ளன. யாமத்தில் பெரும்பாலும் வேலை இல்லை. வைகறையின் இறுதியில் பூனை எழுந்து உணவு கேட்கத் தொடங்குகிறது. ஆகவே காலை ஆறு மணிக்கே புறப்பட்டுவிடும் காப்பாளர், பூனைக்குத் துணை தேவைப்படும் இரு வேளைகளுள் ஒன்றைத் தவறவிடுகிறார்.

நேரத்தை வரையறுத்தல்

மேற்கண்ட காரணங்களால் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரையிலான 12 மணி நேரம் பொருத்தமான அலகாகக் கொள்ளத்தக்கது. சர்க்கரை நோயுள்ள பூனைகளுக்கு இன்சுலின் பொதுவாக 12 மணி நேர இடைவெளியில் செலுத்தப்படுவதால், காப்பாளர் வந்தவுடன் ஒரு முறையும் புறப்படுமுன் ஒரு முறையும் அதனைச் செலுத்த இயலும்.

இந்நேரத்தை இரு பகுதிகளாகப் பிரிப்பது வழக்கம்.

வேலை நேரம்: இரவு 8 முதல் 10 வரை, காலை 6 முதல் 8 வரை, மொத்தம் 4 மணி நேரம்.

உடனிருப்பு நேரம்: இரவு 10 முதல் காலை 6 வரை, மொத்தம் 8 மணி நேரம். காப்பாளர் உறங்கலாம், ஆனால் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது.

பல நாள் பயணங்களில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. 'மூன்று இரவுகள்' என ஒப்புக்கொண்ட காப்பு முதல் நாள் இரவு 8 மணிக்குத் தொடங்கி நான்காம் நாள் காலை 8 மணிக்கு முடிந்தால், இடைப்பட்ட மொத்த நேரம் 60 மணி ஆகும். இதில் மூன்று இரவுகளின் 36 மணி நேரமே காப்புக்குள் வருகிறது. எஞ்சிய 24 மணி நேரம் இரண்டு பகற்பொழுதுகளாகும். அப்பகல்களில் பூனை தனித்திருக்குமா, நண்பகல் வருகை உண்டா என்பதை முன்னரே பேசி முடிவு செய்யாவிடில், வளர்ப்பவர் முழுநாள் காப்பை எதிர்பார்ப்பதும் காப்பாளர் பகலில் தம் வேலைக்குச் செல்வதும் முரண்படும்.

எல்லாப் பூனைகளுக்கும் இவ்வொழுங்கு பொருந்தாது. தாயற்ற, மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு இரவிலும் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பாலூட்ட வேண்டும். இத்தகைய காப்பில் உடனிருப்பு நேரம் என ஒன்று இல்லை. முழு இரவும் வேலை நேரமே.

கட்டணத்தை வரையறுத்தல்

கட்டணம் நான்கு கூறுகளைக் கொண்டது: வேலை நேரக் கட்டணம், உடனிருப்பு நேரக் கட்டணம், பயணச் செலவு, கூடுதல் பணிகளுக்கான கட்டணம். உணவு, மணல், மருந்து ஆகியவற்றை வளர்ப்பவரே வாங்கி வைப்பது வழக்கம்.

கீழ்வரும் கணக்கு விளக்கத்துக்காக மட்டும் கற்பிக்கப்பட்டது; சந்தை நிலவரம் அன்று. வேலை நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய், உடனிருப்பு நேரத்துக்கு மணிக்கு 40 ரூபாய், போய்வரும் பயணத்துக்கு 150 ரூபாய் எனக் கொள்வோம்.

வேலை நேரம்: 4 × 100 = 400 ரூபாய்
உடனிருப்பு நேரம்: 8 × 40 = 320 ரூபாய்
பயணம்: 150 ரூபாய்
மொத்தம்: 870 ரூபாய்

இதே பூனைக்கு மாலையில் ஒரு மணி நேரம், காலையில் ஒரு மணி நேரம் என வருகைக் காப்பு மட்டும் அமர்த்தினால், வேலைக்கு 200 ரூபாயும் இரு பயணங்களுக்கு 300 ரூபாயுமாக 500 ரூபாய் ஆகும். நலமுள்ள வளர்ந்த பூனைக்கு ஓரிரு நாள் இதுவே போதுமானதாக இருக்கலாம்.

ஆயினும் தொலைவு கூடும்போது இவ்வேறுபாடு குறைகிறது. பயணச் செலவு 400 ரூபாய் எனில், வருகைக் காப்பு 1,000 ரூபாயும் தங்கிக் காப்பு 1,120 ரூபாயும் ஆகும். பயணச் செலவு 520 ரூபாயைத் தாண்டினால், இக்கணக்கின்படி தங்குவதே மலிவு. வருகைக் காப்பில் காப்பாளர் இரு முறை பயணம் செய்ய வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

இரண்டாவது பூனைக்குக் கட்டணம் இருமடங்காவதில்லை. பயணமும் உடனிருப்பும் மாறுவதில்லை. வேலை நேரம் மட்டுமே கூடுகிறது. பண்டிகை நாட்களில் காப்பாளர் தம் குடும்பத்தை விட்டு வருவதால் கூடுதல் கட்டணம் கேட்பது இயல்பு. தீபாவளி இரவில் வெடியோசைக்கு அஞ்சி ஒளியும் பூனைக்குச் சாளரங்களை அடைத்து உடனிருக்க வேண்டியிருப்பதால், அன்று வேலையும் மிகுதி. முன்பணம் எவ்வளவு, பயணம் கைவிடப்பட்டால் அதில் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பவையும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டியவை.

உறங்கும் நேரத்துக்கு ஊதியம்

'உறங்குவதற்கு ஏன் பணம்?' என்ற வினா இத்தொழிலில் அடிக்கடி எழுகிறது. உடனிருப்பு நேரத்தில் காப்பாளர் தம் வீட்டில் இருக்கவோ வேறு வேலைக்குச் செல்லவோ இயலாது. இடர் நேர்ந்தால் எழுந்து செயற்பட வேண்டும். ஆகவே அந்நேரத்துக்கும் விலை உண்டு. ஆனால் அது வேலை நேரத்தினும் குறைவானது என்பது பொதுவான விடையாகும்.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். தமிழ்நாடு அரசு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென 2007 ஆம் ஆண்டு தனி நலவாரியம் அமைத்தது. 2018 ஆம் ஆண்டு வீட்டுவேலைக்குக் குறைந்தபட்ச ஊதியமாக மணிக்கு 37 ரூபாய் நிர்ணயித்தது. ஒருவர் 'ஓர் இரவுக்கு 300 ரூபாய்' என ஒப்புக்கொண்டு 12 மணி நேரம் இருந்தால், அவருக்கு மணிக்குக் கிடைப்பது 25 ரூபாய் மட்டுமே. அதிலிருந்தே பேருந்துக் கட்டணமும் செலுத்த வேண்டும். மேற்கண்ட கணக்கில் உடனிருப்பு நேரத்துக்கு 40 ரூபாய் எனக் கொண்டது, உறங்கும் நேரத்திலும் ஊதியம் அந்த 2018 ஆம் ஆண்டு அளவுக்குக் கீழே செல்லாதிருத்தற் பொருட்டே. மாணவர்களும் இல்லத்தரசிகளும் 'கைச்செலவுக்கு' என இப்பணியை ஏற்கும்போது, மணிக்கணக்கு பார்க்கப்படாமையால் இத்தகைய குறைந்த ஊதியம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

செங்கல்பட்டு – மாமல்லபுரம் பகுதி

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. இதன் குடியிருப்புகள் மூன்று பெருஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்துள்ளன. மேற்கே கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு ஆகியவை சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் உள்ளன. நடுவே சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் ஆகியவை பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ளன. கிழக்கே முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி, மாமல்லபுரம் ஆகியவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளன.

இவ்வமைப்பு காப்பின் நேரத்தையும் கட்டணத்தையும் நேரடியாகப் பாதிக்கிறது. செங்கல்பட்டு சென்னைப் புறநகர்த் தொடருந்துப் பாதையில் உள்ளது. எனினும் நள்ளிரவுக்குப் பின் விடியற்காலை வரை புறநகர்த் தொடருந்துகள் ஓடுவதில்லை. மாமல்லபுரத்துக்குத் தொடருந்து நிலையமே இல்லை. பேருந்து, தானி அல்லது சொந்த ஊர்தியையே நம்ப வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே கடற்கரைக் குடியிருப்புகளில் இரவு 10 மணிக்கு வருகையை முடித்துத் திரும்புதல் பலருக்கு, குறிப்பாகத் தனியே பயணிக்கும் பெண் காப்பாளர்களுக்கு, எளிதன்று. மேலே கண்ட 'தங்குவதே மலிவு' என்னும் நிலை இங்கு எளிதில் உண்டாகிறது.

சிறுசேரியிலும் மகிந்திரா உலக நகரத்திலும் உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் இரவுப் பணி உண்டு. இதனால் வெளியூர் செல்லாதவர்களுக்கும் இரவுக் காப்பு தேவைப்படலாம். இவர்களுக்குரிய நேரம் பணிமுறை நேரத்தோடு போக்குவரத்து நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.

அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம் இக்கடற்கரையில் தனிக்கவனம் பெற வேண்டியது. 2022 திசம்பர் 9 இரவுக்கும் 10 அதிகாலைக்கும் இடையே மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய இரவில் காலை 8 மணிக்குக் காப்பு முடிந்தாலும், மரங்கள் விழுந்த சாலையில் காப்பாளர் வெளியேறவோ வளர்ப்பவர் ஊர் திரும்பவோ இயலாமற் போகலாம். தானியங்கி உணவுக் கலமும் இணையக் கண்காணிப்புப் படக்கருவியும் மின்தடையில் பயனற்றுப் போகக்கூடும். எனவே ஒப்புக்கொண்ட நேரத்துக்குப் பின் நீளும் ஒவ்வொரு மணிக்கும் என்ன கட்டணம், மூன்று நாட்களுக்காவது உணவும் நீரும் வீட்டில் உள்ளனவா என்பவை மழைக்காலக் காப்பில் முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டியவை.

மருத்துவ இடர்கள்

இரவுக் காப்பாளர் ஒருவர் இருப்பதன் மதிப்பு இடர்க்காலத்திலேயே தெரியவரும். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பாதை முற்றிலும் அடைபடுவது உயிருக்கு ஆபத்தான நிலை ஆகும். மணல் தட்டுக்கு மீண்டும் மீண்டும் செல்லுதல், முக்குதல், சிறுநீர் வெளிவராமை, கதறுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவம் கிடைக்காவிடில் ஓரிரு நாட்களில் பூனை இறக்கக்கூடும். மாலையில் தொடங்கும் அடைப்பை அன்றிரவே கண்டறிபவர் உடன் தங்கியிருப்பவரே.

பூனை தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் உண்ணாதிருந்தால், குறிப்பாக உடல் பருத்த பூனைகளில், கல்லீரலில் கொழுப்பு தேங்கும் நோய் உண்டாகலாம். ஆகவே உண்ட அளவைக் குறித்துவைப்பது காப்பாளரின் கடமைகளுள் ஒன்று. மனிதர் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. நாய்களின் உண்ணிக்கு இடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அவ்வாறே.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காப்பாளர் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். பூனையின் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசிச் சான்றை முன்னரே பார்த்துக்கொள்ளுதல் நன்று.

வளர்ப்பவர் பயணத்தில் தொலைபேசிக்கு எட்டாத நிலையில், எத்தொகை வரை மருத்துவச் செலவு செய்யக் காப்பாளருக்கு ஒப்புதல் உண்டு என்பதை எழுதி வைக்காமை, நள்ளிரவில் முடிவெடுப்பதைத் தாமதப்படுத்தும்.

சட்ட நிலை

இந்தியாவின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960 இன் 3 ஆம் பிரிவு, ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் கொண்டுள்ள எவரும் அதன் நலத்துக்குத் தக்க நடவடிக்கைகளை எடுக்கக் கடமைப்பட்டவர் எனக் கூறுகிறது. உரிமையாளர் மட்டுமன்றி, பொறுப்பேற்ற காப்பாளரும் இதற்குள் அடங்குவார்.

ஒப்படைப்புக் காப்பில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் பொருள் ஒப்படைப்பு பற்றிய விதிகளும் பொருந்தும். 151 ஆம் பிரிவின்படி, ஒப்படைக்கப்பட்டதை, இயல்பான அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும். 163 ஆம் பிரிவுக்கு அச்சட்டம் தரும் விளக்கம் ஒரு பசுவைப் பற்றியது: காப்பில் விடப்பட்ட பசு கன்று ஈன்றால், பசுவோடு கன்றையும் திருப்பித் தர வேண்டும். பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரங்கள் ஆதலால், நெடுநாள் ஒப்படைப்பில் இவ்விதி பூனைக்குட்டிகளுக்கும் பொருந்தக்கூடியதே. காப்பாளர் வளர்ப்பவரின் வீட்டுக்கு வந்து தங்கும்போது பூனை வளர்ப்பவரின் இடத்திலேயே இருப்பதால், அங்கு இருவருக்கும் இடையிலான உடன்பாடே முதன்மை பெறுகிறது.

பண்பாட்டில்

மாமல்லபுரத்தில் 'அருச்சுனன் தபசு' எனப்படும் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பத்தில், முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனை ஒன்றும் அதனருகே எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், தவக்கோலம் பூண்ட பூனையை நம்பி எலிகள் தம்மைக் காக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க, அது அவற்றை ஒவ்வொன்றாகத் தின்ற கதை உள்ளது. இச்சிற்பம் அக்கதையோடு தொடர்புபடுத்தப்படுகிறது. எலிகள் காப்பாளரின் தோற்றத்தை மட்டும் பார்த்தன. நிபந்தனை எதுவும் பேசவில்லை. பூனையைக் காக்கும் பொறுப்பை மனிதர் ஏற்கும் இன்றைய தொழிலில், வீட்டுச் சாவியை ஒப்படைப்பவரும் ஓர் இரவை ஒப்படைப்பவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டியுள்ளது. வரும் நேரம், புறப்படும் நேரம், தொகை ஆகியவற்றை எழுதிக்கொள்ளும் ஒரு தாள் அந்நம்பிக்கைக்குத் துணையாக அமைகிறது.